ஏழாவது பாட்டும் ஆறாம் நிபந்தனையும்

விளக்கம் கேட்கப்பட்ட ஊழியருக்கு, அவர் விளக்கம் கொடுத்த முப்பது நாளுக்குள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அவர் ஒருமுறை நினைவூட்டுக் கடிதம் அனுப்பலாம். எங்கள் அலுவலகக் கையேட்டில் இடப்பக்கத்தில், கீழிருந்து மூன்றாவது பத்தி. ஓய்வு பெறும்வரை இந்தப் பத்தியை எத்தனையோ பேருக்குப் புரட்டிக் காட்டியிருக்கிறேன். என் விஷயத்தில் அந்தப் பத்தி வேலை செய்யவில்லை.

பெங்களூர் கண்டோன்மென்ட் அப்போது மைசூர் சர்க்காரின் கையில் இல்லை; வெள்ளைக்காரர் நிர்வாகத்தில் இருந்தது. அங்கே ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஊர்வலம், மேளம், வாணவேடிக்கை இவற்றுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் பிரிவு என்று சொன்னால் போதும். என் வேலை தற்காலிகம். இரண்டு வருடம் புகார் எதுவும் இல்லாமல் ஓட்டினால் நிரந்தரம் ஆகும். ஒன்றரை வருடம் ஓட்டியிருந்தேன். உலகப் போர் மூன்றாவது வருடத்தில் நுழைந்திருந்தது; எனக்கு என்னவோ மீதமிருந்த அந்த ஆறு மாதம்தான் பெரிதாகத் தெரிந்தது. என் தகப்பனார் ரயில்வேயில் கடைசிவரை தற்காலிகக் குமாஸ்தாவாகவே இருந்து இறந்தவர். ஒவ்வொரு மார்ச் மாதமும் பட்டியல் வெளியாகும் நாளில் அவர் முகம் எப்படி ஆகும் என்று பார்த்து வளர்ந்தவன் நான்.

நானும் என் மனைவியும் ஜீவனஹள்ளியில் குடியிருந்தோம். இரண்டு தெரு தள்ளி அவளுடைய அண்ணன், என் மச்சான். பஞ்சாலையில் ஃபிட்டர், தொழிற்சங்கத்துக்காரர். நெற்றியில் எதுவும் பூசமாட்டார். கத்தரிக்காய் விலையில் பேச ஆரம்பித்தாலும் ருஷ்யாவில் போய்த்தான் முடிப்பார்.

சங்கத்துக்கு ஒரு வாசகசாலை இருந்தது. ஓர் அறை, இரண்டு பெஞ்சு, மூன்று கட்டை உள்ளே போன ஓர் ஆர்மோனியம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு எல்லோரும் பாடுவார்கள். நானும் போவேன், பத்திரிகைக்காக. வாசலுக்குப் பக்கத்திலேயே உட்காருவேன். யாராவது பார்த்தால் கிளம்பிக்கொண்டிருந்ததாகச் சொல்ல வசதி. பாட்டு ஆரம்பித்ததும் உண்மையாகவே கிளம்பிவிடுவேன். அரசு ஊழியன் பத்திரிகை படிக்கலாம். பாடலாமா என்பது குறித்துக் கையேடு தெளிவாக இல்லை.

போர்க்காலச் சட்டத்தில் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். மில் தொழிலாளர் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது என்றும், மில் வாசலுக்கு அருகே எந்தக் கூட்டமும் கூடாது என்றும் உத்தரவு வந்தது. ஒரு விதிவிலக்கு இருந்தது: மத சம்பந்தமான ஊர்வலம், ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்தால். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது இந்த விதிவிலக்கை மச்சானிடம் நான்தான் சொன்னேன். எனக்கு இவ்வளவு தெரியும் என்று காட்டிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அவர் ரசத்தைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அவர் பேசாமல் போனதும் நான் பயந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் மார்கழி பஜனை கோஷ்டி ஒன்று வெகு நாளாக உண்டு. விடியலில் கிளம்பி அல்சூர் ஏரிக்கரைக் கோயில் வரை பாடிக்கொண்டே போகும். அதில் பாதிப் பேர் மில் தொழிலாளர்கள். அவர்கள் பக்தியில் பொய் இல்லை. சங்கத்தில் கட்டிய சந்தாவிலும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் சௌகரியமாகவே இருந்தன. கார்த்திகை கடைசியில் மச்சான் வந்தார், கையில் ஒரு ஃபாரம்.

"மாப்ளே, நம்ம பஜனைக்கு இந்த வருஷம் லைசென்ஸ் வேணுமாம். நீயே எழுதிக் குடு. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

"நம்ம பஜனையா? நீ எப்போண்ணா பஜனைக்குப் போன?" என்றாள் என் மனைவி.

"இனிமே போவேன். பக்தி எந்த வயசுல வேணா வரும்."

பாதை என்ற இடத்தில் மில் வாசல் வழியே போகும் ரோட்டைச் சொன்னார். வழக்கமான பாதை அது இல்லை என்றேன். அந்த ரோட்டில் சாணி குறைவு என்றார். எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்தது உண்டு. ஆனால் ஒரு ஃபாரம் காலியாக முன்னால் இருக்கும்போது அதைப் பூர்த்தி செய்யாமல் விடுவது எனக்கு அன்றும் முடியாது, இன்றும் முடியாது.

சிக்கல் ஆறாவது கட்டத்தில் வந்தது. 'பாடப்படும் பாட்டுகளின் தன்மை.' எல்லோரும் அங்கே 'பக்தி' என்று எழுதுவார்கள். அது முழுமையான பதில் அல்ல. தடை செய்யப்பட்ட இடத்தின் வழியே போகும் ஊர்வலமானால் பாட்டுகளின் முழுப் பட்டியல், மூன்று பிரதி, இணைக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு இருக்கிறது. அதைப் படித்தவன் எங்கள் பிரிவிலேயே நான் ஒருவன்தான். மச்சானிடம் எல்லாப் பாட்டையும் கேட்டேன். ஒன்பது சொன்னார். ஒன்பதையும் அடி அடியாகக் கார்பன் வைத்து எழுதினேன். முதல் ஆறு பாட்டிலும் பிள்ளையார் முதல் பெருமாள் வரை முறையாக வந்தார்கள். ஏழாவது பாட்டில் கடவுள் வரவில்லை, மேஸ்திரி வந்தார். நூல் நூற்கும் கதிர் சுற்றும் இரைச்சல் வந்தது. நின்றபடியே தூங்கும் பெண்கள் வந்தார்கள். கையோடு கை சேர்ந்தால் எந்தப் பூட்டும் திறக்கும் என்று முடிந்தது. வாசகசாலையில் அவர்களே கட்டிய பாட்டு.

பட்டியலைப் பார்த்து மச்சானுக்கு வியர்த்துவிட்டது. "ஏழாவதையுமா எழுதின?"

"கேட்டிருக்காங்க, எழுதினேன்."

"கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுவியா? உன்னை வெச்சுக்கிட்டு ஒரு ரகசியம் பண்ண முடியுமா மாப்ளே?"

ஆனால் அதற்குள் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மனு மேலே போனது. பதினோரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது: அனுமதி. பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும், ஏழாவது பாட்டு உள்பட, வட்ட முத்திரை. யாரும் படித்திருக்கவில்லை. முத்திரை குத்துகிறவருக்குப் படிக்கும் கடமை கிடையாது.

அனுமதிச் சீட்டின் பின்பக்க நிபந்தனைகளை டைப் அடித்தது நான். ஐந்தாம் நிபந்தனை: கோயில், சர்ச், மசூதி, ஆஸ்பத்திரி முன்னால் வாத்தியங்களை நிறுத்த வேண்டும். ஆறாம் நிபந்தனை: எதிரே வேறு மத ஊர்வலம் வந்தால், அது கடந்து போகும்வரை ஓரமாக நின்று வழிவிட வேண்டும். அதே வாரம் மில்லுக்கு எதிரே இருந்த சர்ச்சிலிருந்தும் ஒரு மனு வந்தது. காலைப் பூசை முடிந்ததும் கிறிஸ்துமஸ் பாட்டுக் கோஷ்டி தெருத் தெருவாகப் போகும். அந்தச் சீட்டையும் நான்தான் டைப் அடித்தேன். பின்பக்கத்தில் அதே ஆறு நிபந்தனைகள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு பஜனை முதல்முறையாக மில் ரோட்டில் போவதாக ஏற்பாடு. நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்களா என்ற கவலையில் விடியலுக்கு முன்பே விழித்துவிட்டேன். மனைவி பின்னிக் கொடுத்த பச்சை மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, சீட்டின் நகலை உள்பையில் வைத்துக்கொண்டு, கோஷ்டிக்குப் பத்து அடி பின்னால் நடந்தேன். பத்து அடி என்பது உடன் செல்வதாக ஆகாது.

பனி இறங்கி எதிரே வருகிறவர் தெரியவில்லை. மிருதங்கம், ஆர்மோனியம், தாளம். மச்சான் நெற்றி நிறைய விபூதியோடு முன்னால் போனார். ஒவ்வொரு தெரு முனையிலும் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். நூல் சுற்றும் பிரிவுப் பெண்கள் புடவைத் தலைப்பைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்தார்கள். காவலுக்கு ஒரு ஹெட் கான்ஸ்டபிள், லாந்தரும் லத்தியுமாக. வேலூர்ப் பக்கத்து ஆள், நல்ல குரலுக்கு ஆசைப்படுகிறவர் என்பது போகப் போகத் தெரிந்தது.

மில் வாசல் வந்தது. எதிரே சர்ச். ஐந்தாம் நிபந்தனைப்படி வாத்தியங்கள் நின்றன. எனக்கு மூச்சு வந்தது. அப்போது சர்ச் கதவு திறந்து பாட்டுக் கோஷ்டி வெளியே வந்தது. காகித நட்சத்திர விளக்குகள், ஐம்பது அறுபது பேர். எங்களைப் பார்த்ததும் அவர்கள் ரோட்டோரமாக ஒதுங்கி நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவர்களுடைய உபதேசியார் கைகூப்பி எங்களைப் போகச் சொன்னார். எங்கள் பாகவதர் கைகூப்பி அவர்களைப் போகச் சொன்னார். யாரும் நகரவில்லை.

அலுவலகத்தில் என்னைப் பார்த்திருந்த ஹெட் கான்ஸ்டபிள் என்னிடம் வந்தார். "சார், எந்த செட்டு முதல்ல போகணும்?"

நகலை எடுத்து லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தேன். "அவங்க போனப்புறம் நாம."

"அவங்க சீட்லயும் அப்டித்தான் போட்டிருக்காம் சார். எவன் டைப் அடிச்சான் இதை?"

நகலை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு கோஷ்டியும் மில் வாசலின் இரு பக்கமும் நின்றன. விதிப்படி நின்றன. அந்த அமைதியில்தான் நூல் சுற்றும் பிரிவுப் பெண் ஒருத்தி ஏழாவது பாட்டை எடுத்தாள். வாத்தியம் இல்லை, கைதட்டல்தான். இரண்டாவது அடியில் எங்கள் பக்கம் முழுக்கப் பாடியது. மூன்றாவது அடியில் எதிர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவர்களில் பாதிப் பேருக்கும் அதே மில், அதே ஷிஃப்ட், அதே மேஸ்திரி. நட்சத்திர விளக்குகள் தாளத்துக்கு ஏறி இறங்கின. விபூதிப் பூச்சும் ஜெபமாலையும் எப்போது கலந்தன என்று நான் கவனிக்கவில்லை. நான் கவனிக்காத விஷயம் அன்றைக்கு அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை; உண்மையில் எதையுமே கவனிக்கவில்லை. பத்து அடி எப்போதோ காணாமல் போயிருந்தது. என் தோளோடு ஒரு தோள், முதுகில் யாருடைய கையோ. பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையில்கூட வெறுமனே வாயசைத்தவன் நான். அன்று என் குரலை நான் கேட்டேன். கேட்டது மட்டுமல்ல, அது எங்கே முடிந்து அடுத்தவன் குரல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போனது. மச்சான் கொடுத்த பிரசுரங்களில் ஒற்றுமையைப் பற்றி நிறைய எழுதியிருக்கும். அது இப்படிச் சூடாக இருக்கும் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.

மில் சங்கு ஊதியது. யாரும் அசையவில்லை. பாட்டை முடித்துவிட்டுத்தான் அசைந்தார்கள். அப்புறம் ஷிஃப்ட்காரர்கள் சிரித்துக்கொண்டே வரிசையாக வாசலுக்குள் போனார்கள். மாடி வராந்தாவில் ஒரு துரை கையில் கடிகாரத்துடன் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். உடனே குளிர் திரும்பி வந்தது.

ஜனவரி முதல் வாரம் மெமோ வந்தது. பஜனை என்ற பெயரில் மில் வாசலில் கூட்டம் நடந்ததாகப் புகார். பாட்டுப் பட்டியல் அலுவலகக் குமாஸ்தாவின் கையெழுத்தில் இருக்கிறது. மூன்று கேள்விகள்: நீர் அங்கே இருந்தீரா? எந்தத் தகுதியில் இருந்தீர்? பாடினீரா? ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்.

மச்சானை அதற்குள் மில்லிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். அவர் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. எனக்குத் தொண்டை கட்டியிருந்ததாக எழுதச் சொன்னார். என் மனைவி சிரிக்கவில்லை. ஹெட் கான்ஸ்டபிள் ஒருநாள் அலுவலகத்துக்கே வந்து, படிக்கட்டுக்கு அடியில் என்னைக் கூப்பிட்டார்.

"பேஜார் பண்ணிக்காதீங்க சார். என் ரிப்போர்ட்ல 'வாயசைத்தார்'னுதான் எழுதியிருக்கேன். சத்தம் வந்துச்சா இல்லியான்னு எழுதல."

நன்றி என்றேன். அவர் போகவில்லை. லத்தியைத் தரையில் லேசாகத் தட்டினார்.

"அப்புறம் ஒரு விஷயம். இது அன்னிக்குத் தாளம் போட்டுச்சு. அதை நீங்க எழுதிடாதீங்க."

முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சுலபமாக வந்தது. மூன்றாவதற்கு நான்கு நகல் எழுதிக் கிழித்தேன். இல்லை என்று எழுதினால் வேலை தப்பும். ரிப்போர்ட்டும் இடம் கொடுக்கிறது. பொய் வாக்குமூலம் பாடுவதைவிடப் பெரிய குற்றம் என்று கையேட்டில் இருப்பதால்தான் உண்மையை எழுதினேன் என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது காரணம் இல்லை. பேனாவை வைத்து 'இல்லை' என்று எழுதப் போனபோது கை மறுத்தது. வாழ்க்கையில் ஒருமுறை நடந்ததை நடக்கவில்லை என்று எழுத முடியவில்லை. 'பாடினேன். ஏழாவது பாட்டு. இணைப்புப் பட்டியல், ஐந்தாம் பக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"போச்சு," என்றாள் என் மனைவி. சோறு போடும்போது, "நல்லா பாடினீங்களா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு முப்பது நாள் போனது. அறுபது போனது. மார்ச் மாதப் பட்டியலில் என் பெயருக்கு நேரே 'விளக்கம் நிலுவையில்' என்று இருந்தது. அடுத்த மார்ச்சிலும். வேலையிலிருந்து எடுக்கவும் இல்லை, நிரந்தரம் ஆக்கவும் இல்லை. கண்ணாடியில் என் தகப்பனாரின் முகம் வர ஆரம்பித்தது. தபால் பியூன் பழுப்பு உறையோடு வரும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

நினைவூட்டுக் கடிதம் எழுதச் சொல்லி என் மனைவி நச்சரித்தாள். எழுதவில்லை. விதி அனுமதிக்கிறது என்பது வேறு. மறந்துபோன கோப்பை யாராவது எடுத்துப் படிக்கும்படி நானே செய்வது வேறு. என் சம்பந்தப்பட்ட தாள்களை நான் கையால் தொடக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதையும் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். விளக்கம் கொடுத்த புதிதில் ஒருநாள் பியூன் என் பெயர் போட்ட கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். திறக்காமலேயே, 'எனக்குச் சம்பந்தப்பட்டது, வேறொருவர் கையாளவும்' என்று துண்டுச் சீட்டு எழுதிக் குத்தித் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு என் நேர்மையில் எனக்கே கொஞ்சம் பெருமை.

மார்கழிகள் வந்தன. விசாரணை முடியும்வரை பாட்டு நடக்கும் இடத்துக்குப் போகக் கூடாது என்று எனக்கு நானே ஓர் உத்தரவு போட்டுக்கொண்டேன். விடியலில் பஜனை எங்கள் தெரு வழியே போகும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கம்பளிக்குள் கிடப்பேன். ஏழாவது பாட்டு வரும்போது கால் கட்டைவிரல் தானாக ஆடும், அதைப் பிடித்துக்கொள்வேன். மூன்றாவது வருடத்திலிருந்து என் மனைவி போக ஆரம்பித்தாள். தொண்டை கம்மி, இலையில் பொங்கலோடு திரும்பி வருவாள். அவளிடம் எப்படி இருந்தது என்று கேட்கமாட்டேன். கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். மச்சானை ஆறு மாதத்தில் மில்லில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வாசகசாலைப் பூட்டையும் பிறகு எடுத்துவிட்டார்கள். அவர் ஒவ்வொரு மார்கழியும் ஜன்னல் கதவைத் தட்டி, "மாப்ளே, இன்னும் விளக்கம் குடுத்து முடிக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

போர் முடிந்தது. வெள்ளைக்காரர் போனார்கள். அதே வருடம் கண்டோன்மென்ட் மைசூர் சர்க்காரிடம் திரும்பியது. எங்கள் கோப்புகள் கோணிக் கட்டுகளாக மாட்டுவண்டியில் நகர அலுவலகத்துக்குப் போயின. மழையில் இரண்டு கட்டு நனைந்து நாசமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. என் கோப்பு அதில் போயிருக்க வேண்டும் என்று காலையில் வேண்டிக்கொண்டேன். கோப்பே இல்லாவிட்டால் நிலுவை எப்படித் தீரும் என்று மாலையில் பயந்தேன்.

ஆறாவது மார்கழி முடியப் போகும் சமயத்தில் பழுப்பு உறை வந்தது. மேலே கன்னடத்தில் ஒரு குறிப்பு: பழைய கட்டுகளைப் பிரிக்கும்போது கிடைத்தது, உரியவருக்கு அனுப்பப்படுகிறது. உள்ளே பழைய அலுவலகத்தின் உத்தரவு, நான்கு வரி. குமாஸ்தா பாடியதாக ஒப்புக்கொண்ட பாட்டு, முத்திரையிட்டு அனுமதிக்கப்பட்ட பட்டியலில் ஏழாவதாக இருக்கிறது. வாசலில் நின்றதும் ஆறாம் நிபந்தனைப்படியே. ஆகவே மேல் நடவடிக்கை தேவையில்லை, நிரந்தரம் செய்யத் தடையும் இல்லை. கீழே கையெழுத்தும் தேதியும். நான் விளக்கம் கொடுத்து ஒன்பதாவது நாள்.

உத்தரவை மூடியிருந்த பழைய மேலட்டையின் மூலையில் துருப்பிடித்த குண்டூசி. அதில் ஒரு துண்டுச் சீட்டு, முத்து முத்தான கையெழுத்தில்: 'எனக்குச் சம்பந்தப்பட்டது, வேறொருவர் கையாளவும்.'

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள், துண்டுச் சீட்டை ஒரு தடவை. டிரங்குப் பெட்டியைத் திறந்து பச்சை மப்ளரை எடுத்து உதறினாள். ரசகற்பூர உருண்டை ஒன்று தரையில் உருண்டது. மப்ளரைக் கொடியில் போட்டுவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று கேட்டாள். மறுநாள் போகிப் பண்டிகை. மார்கழி அத்தோடு சரி.

பதில் வந்து சேர்ந்த தேதி ஜனவரி பன்னிரண்டு, மார்கழி இருபத்தெட்டு, திங்கட்கிழமை.